ரப்பர் கடைக் கணக்கு எழுதி ஆப்ஜெக்ட் பழகும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

காலை பத்து மணிவாக்கில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் கடையில் போய் நின்று பாருங்கள். ஒருவர் கேனில் பால் கொண்டுவந்து இறக்குவார். இன்னொருவர் ஸ்கூட்டரில் ஷீட்டுக் கட்டோடு, அதாவது பாலை உறையவைத்துக் காயவைத்த ரப்பர் தாள்களோடு வருவார். பின்னாலேயே ஒரு சாக்கில் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் வரும். மூன்றும் ரப்பர் மரத்துச் சரக்குதான், மூன்றையும் தராசில்தான் வைக்கிறார்கள். ஆனால் தொகை போடும் விதம் மூன்றுக்கும் வேறு. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டும் விலங்கு என்று ஆரம்பிக்கிற பாடத்தில் ரூபாய்க் கணக்கு கிடையாது. தப்பு நடந்தாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

இந்தப் புரோகிராமை முதலில் என் மாமாவின் கடைக்காகப் பைத்தான் மொழியில் எழுதினேன். இப்போது மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளும் இதையேதான் முதலில் கட்டுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் இடங்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அதைத் தேடிப் படித்தால் போதும்.

அமைப்பு இதுதான். 'சரக்கு' என்று ஒரு கிளாஸ். அதன் கீழே 'பால்', 'ஷீட்', 'ஒட்டுப்பால்' என்று மூன்று. ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் ஒரு 'கணக்கு'. அன்றைய விலைக்கு 'நாள்விலை'. கையில் எழுதிக் கொடுக்கும் ரசீதுக்கு 'துண்டு'. பள்ளிப் புத்தகத்தில் கிளாஸை இனக்குழு என்றும், ஆப்ஜெக்டைப் பொருள் என்றும் படித்திருப்பீர்கள். கிளாஸ் என்பது அச்சு மாதிரி, அதிலிருந்து உருவாகும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட், அது செய்யும் வேலை மெத்தட். நான் வகுப்பில் பேசுகிற சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். பைத்தான் 3 இல் கிளாஸ் பெயரையும் மெத்தட் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம். மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். கீழே அவற்றை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

சிவப்பில் பத்து வரி வந்தால் பயப்படாமல் கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள். என்ன நடந்தது என்பது கடைசி வரியில் இருக்கும், எங்கே நடந்தது என்பது அதற்கு மேலே இருக்கும். படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தகவல் யாருக்குச் சொந்தம்? எடை சரக்குக்குச் சொந்தம். விலை நாளுக்குச் சொந்தம். பாக்கி கணக்குக்குச் சொந்தம். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தச் சொந்தம் இடம் மாறியதால் வந்தவை.

அறிகுறி: மேலவிளைக் கணக்கில் போட்ட சரக்கு கீழவிளைக் கணக்கிலும் தெரிகிறது

எரர் எதுவும் வராது. புரோகிராம் சமர்த்தாக ஓடும். ஆனால் மேலவிளைக்காரர் கொண்டுவந்த ஷீட் கீழவிளைக்காரர் பட்டியலிலும் நிற்கும். முதலில் இதைத் தட்டிப் பாருங்கள்:

மேலவிளை.சரக்குகள் இஸ் கீழவிளை.சரக்குகள்

'ட்ரூ' என்று வந்தால் இரண்டு கணக்கும் ஒரே பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று 'இஸ்' பார்க்காது, இரண்டும் ஒன்றேதானா என்று பார்க்கும். அதனால்தான் இரட்டைச் சமக்குறி போடாமல் இதைப் போடச் சொல்கிறேன்.

பெரும்பாலும் காரணம் இப்படி எழுதியதுதான்:

கிளாஸ் கணக்கு:
    சரக்குகள் = []

கிளாஸின் உடம்பில் நேரடியாக எழுதிய பட்டியல் கிளாஸுக்குச் சொந்தம். கடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒரே நோட்டு மாதிரி, வருகிறவர் எல்லோரும் அதிலேயே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆளுக்கொரு பற்று வரவு நோட்டு வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் 'இனிட்' மெத்தடுக்குள் பட்டியலை 'செல்ஃப்.சரக்குகள் = []' என்று பிறக்கவிட வேண்டும். 'செல்ஃப்' என்பது அந்த ஆப்ஜெக்டையே குறிக்கும்.

இங்கே பிள்ளைகள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். "சார், அதே இடத்துலதான் பாக்கி = 0 ன்னும் எழுதியிருக்கேன். அது மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கு?" 'செல்ஃப்.பாக்கி += 500' என்று எழுதும்போது பைத்தான் கிளாஸில் இருக்கும் 0 ஐ எடுத்து, 500 ஐக் கூட்டி, விடையை அந்த ஆப்ஜெக்டின் மேல் புதிதாக எழுதிவைக்கிறது. அந்த நிமிடமே அவருக்குத் தனிப் பாக்கி பிறந்துவிடுகிறது. பட்டியலில் 'அப்பெண்ட்' செய்யும்போது புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை, இருக்கிற பட்டியலே வளர்கிறது. பாக்கி சரியாக இருப்பதைப் பார்த்துப் பட்டியலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க நாளாகிறது.

பட்டியலை 'இனிட்'டுக்குள் எழுதியும் தீரவில்லையா? அப்படியென்றால் 'இனிட்' தலைப்பு வரியைப் பாருங்கள். அங்கே 'சரக்குகள்=[]' என்று இயல்பு மதிப்பு கொடுத்திருந்தால் அதுவும் ஒரே பட்டியல்தான். அந்த இயல்பு மதிப்பு டெஃப் வரியை ஓட்டும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வராது. இயல்பு மதிப்பாக 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) கொடுத்துவிட்டு, உள்ளே 'நன்' என்று வந்தால் புதுப் பட்டியல் உருவாக்குங்கள்.

அறிகுறி: நேற்றுப் போட்ட துண்டின் தொகை இன்று மாறியிருக்கிறது

இதை நான் மாமாவின் கடையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். புரோகிராம் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள் காலையில் போன்.

"மக்ளே, நேத்து 3,515 ரூவா போட்டுக் குடுத்த துண்டு. இன்னைக்கு இதுல 3,552 ன்னு காட்டுது. ஆளு வந்து நிக்கான். நான் எதைக் குடுக்க?"

"மாமா, அவர் கையில இருக்க துண்டுப்படி குடுங்க. நான் சாயங்காலம் வந்து பாக்கேன்."

ஷீட் 18.5 கிலோ. முதல் நாள் விலை 190, மறுநாள் 192. 18.5 ஐ 190 ஆல் பெருக்கினால் 3,515. 192 ஆல் பெருக்கினால் 3,552. அப்படியென்றால் நேற்றைய எடையை இன்றைய விலையால் பெருக்கியிருக்கிறது. எடையிலும் பெருக்கலிலும் தப்பில்லை. விலை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நான் எழுதியிருந்தது இப்படி: 'நாள்விலை' என்று ஒரே ஒரு ஆப்ஜெக்ட். காலையில் ரப்பர் விலை தெரிந்ததும் அதிலுள்ள எண்ணை மாமா திருத்துவார். ஒவ்வொரு துண்டும் அந்த ஆப்ஜெக்டைப் பிடித்துவைத்திருந்தது. தொகை கேட்கும்போதெல்லாம் அதனிடம் போய் விலை கேட்டுப் பெருக்கியது. காலையில் விலையைத் திருத்தியதும் அதற்கு முன்னால் போட்ட எல்லாத் துண்டும் சேர்ந்து மாறிவிட்டது.

துண்டு என்பது நடந்து முடிந்த ஒரு பேச்சு. எழுதிக் கையில் கொடுத்த அந்த நிமிடத்தில் இருந்த விலைதான் அதற்குச் சொந்தம். ஆகவே துண்டு பிறக்கும்போதே விலையின் எண்ணை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்ஜெக்டைப் பிடித்துவைப்பது, எண்ணை எடுத்துவைப்பது என்ற இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரிதான்:

செல்ஃப்.விலை = நாள்விலை.ஷீட்

நாள்விலை ஆப்ஜெக்டை முழுதாக வைக்காமல், புள்ளிக்குப் பிறகு வருகிற எண்ணை மட்டும் வைக்கிறோம். எண் மாறாது. நாளை யார் எந்த விலையைத் திருத்தினாலும் இந்தத் துண்டுக்கு ஒன்றும் ஆகாது.

இதோடு நிறுத்தாமல் துண்டைத் திருத்தவே முடியாதபடி செய்துவிடுங்கள். பைத்தான் 3.7 இல் இருந்து 'டேட்டாகிளாஸ்' இருக்கிறது. அதில் 'ஃப்ரோசன்' என்பதை 'ட்ரூ' என்று கொடுத்தால், உருவான பிறகு எந்தப் புலத்தில் எழுதப் பார்த்தாலும் எரர் வரும். ஒரு எச்சரிக்கை: துண்டுக்குள் ஒரு பட்டியல் இருந்தால் அதில் சேர்ப்பதை 'ஃப்ரோசன்' தடுக்காது. உள்ளே, உருவான பின் மாற்ற முடியாத பட்டியலான 'டுபிள்' வையுங்கள். தப்பாகப் போட்ட துண்டை என்ன செய்வது என்று கேட்டால், கடையில் செய்வதைத்தான் செய்ய வேண்டும். பழையதை ரத்து என்று குறித்துவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள். இரண்டுமே கணக்கில் இருக்கட்டும்.

அறிகுறி: 18 கிலோவைப் பெருக்கினால் 181818 என்று திரை முழுக்க நீள்கிறது

'இன்புட்' கொடுப்பது எப்போதும் எழுத்துச் சரம்தான். எழுத்தை 190 ஆல் பெருக்கினால் பைத்தான் அதை 190 தடவை வரிசையாக எழுதும். வாங்கும் இடத்திலேயே எண்ணாக மாற்றிவிடுங்கள். எடை சுழியத்துக்குமேல் இருக்கிறதா என்ற சோதனையை மட்டும் சரக்கின் 'இனிட்'டில் வையுங்கள். அப்போது யார் எந்த வழியாகச் சரக்கு உருவாக்கினாலும் சோதனை நடக்கும்.

ஒரு சந்தோஷமான விஷயம்: சரத்தை முழு எண்ணாக மாற்றும் 'இன்ட்' தமிழ் எண்களையும் படிக்கும். ௧௮ என்று தட்டினாலும் 18 என்றே எடுத்துக்கொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் ஆகாது.

அறிகுறி: "ஒன்றுதான் வாங்கும், இரண்டு கொடுத்திருக்கிறீர்கள்" என்று டைப் எரர்

நீங்கள் ஒன்றுதானே கொடுத்தீர்கள், இரண்டு எங்கிருந்து வந்தது? 'மேலவிளை.சேர்(ஷீட்1)' என்று எழுதினால், புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஆப்ஜெக்டைப் பைத்தான் முதல் ஆளாக உள்ளே அனுப்புகிறது. அதை வாங்க மெத்தட் தலைப்பில் 'செல்ஃப்' இல்லை. சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

இதற்கு நேர் எதிராக 'செல்ஃப்' குறைகிறது என்று எரர் வந்தால், 'மேலவிளை = கணக்கு' என்று அடைப்பு இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அது கிளாஸுக்கு இன்னொரு பெயர் வைத்ததோடு சரி, ஆப்ஜெக்ட் எதுவும் உருவாகவில்லை.

அறிகுறி: எடை என்ற அட்ரிபியூட் இல்லை என்கிறது

இதே வரிசையில் பாருங்கள். முதலில், 'இனிட்'டுக்குள் 'எடை = எடை' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்களா? 'செல்ஃப்.' இல்லாவிட்டால் மெத்தட் முடிந்ததும் அது போய்விடும். அடுத்து, 'இனிட்'டுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு இருக்கின்றனவா? ஒன்று குறைந்தாலும் பைத்தான் அதைச் சாதாரண மெத்தடாக எடுத்துக்கொள்ளும், தானாகக் கூப்பிடாது. அப்போது சரக்கு உருவாக்கும் வரியிலேயே வேறு எரர் வருவதும் உண்டு.

இரண்டும் சரியென்றால், கோளாறு பாலில் மட்டும் வருகிறதா, ஷீட்டிலும் வருகிறதா என்று பாருங்கள். பாலில் மட்டும் என்றால் காரணம் தெளிவு. பாலுக்கு டி.ஆர்.சி. (பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் விகிதம்) வேண்டும் என்பதற்காக அதற்குத் தனி 'இனிட்' எழுதியிருப்பீர்கள். மகன் கிளாஸான 'பால்' தனக்கென்று ஒன்று எழுதியதும் தாய் கிளாஸான 'சரக்கு'வின் 'இனிட்' ஓடாமல் போகிறது. எடையை வைத்தது அதுதான். 'சூப்பர்' வழியாகத் தாயின் 'இனிட்'டைக் கூப்பிட்டு எடையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் டி.ஆர்.சி. வேலையைப் பாருங்கள்.

அறிகுறி: பாலுக்குத் தொகை கேட்டால் 'நன்டைப்' என்று எரர்

இந்த இடத்தில் கோளாறு புரோகிராமில் இல்லை, கடையின் நடைமுறை புரோகிராமில் வரவில்லை. கேனில் வரும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தோட்டத்துப் பாலில் காய்ந்த ரப்பர் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும். மரம், பருவம், மழை எல்லாம் அதை மாற்றும். அந்த விகிதம்தான் டி.ஆர்.சி. பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் என்ற கருவி உடனே ஒரு தோராயம் சொல்லிவிடும். சரியான எண் வேண்டுமென்றால் மாதிரி எடுத்து, உறையவைத்து, காயவைத்து, எடை போட்டுப் பார்க்க வேண்டும். அதாவது பால் இன்றைக்கு வரும், அதன் டி.ஆர்.சி. பிறகுதான் வரும். நடுவில் தொகை கேட்டால் 40 கிலோவை 'நன்' ஆல் பெருக்கச் சொல்கிறீர்கள்.

பிள்ளைகள் இரண்டு விதமாக இதை மூடப் பார்ப்பார்கள். ஒருவன் டி.ஆர்.சி.க்கு இயல்பு மதிப்பு 0 வைப்பான். எரர் போய்விடும், ஆனால் 40 கிலோ பாலுக்கு 0 ரூபாய் என்று துண்டு அச்சாகும். இன்னொருத்தி 35 வைப்பாள், சராசரிதானே என்று. உண்மையில் 32 வந்தால் என்ன ஆகும்? 40 கிலோவுக்குக் காய்ந்த ரப்பர் 12.8 கிலோ. கணக்குக்காகக் கிலோ 180 என்று வைத்தால் 2,304 ரூபாய். 35 என்றால் 14 கிலோ, 2,520 ரூபாய். 216 ரூபாய் யார் பையிலிருந்தோ போகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவைக்கிற எந்தத் தீர்வும் வேண்டாம்.

சரியான வழி, பாலுக்கு இரண்டு நிலை உண்டு என்று ஒத்துக்கொள்வதுதான். டி.ஆர்.சி. 'நன்' ஆகவே பிறக்கட்டும். 'டிஆர்சி_பதி' என்று ஒரு மெத்தட் வையுங்கள். அது ஒரே ஒரு தடவைதான் எண்ணை ஏற்க வேண்டும். பதியும் முன்பு தொகை கேட்டால், மாதிரி முடிவு இன்னும் வரவில்லை என்று நீங்களே தெளிவாக ஒரு எரர் எழுப்புங்கள். துண்டு போடும் இடம் அதைப் பிடித்து, 'எடை வரவு, தொகை பின்னர்' என்று அச்சிடட்டும்.

அதே மெத்தடில் அளவையும் சோதியுங்கள். ஒருவர் 32 என்று போடுவார், இன்னொருவர் 0.32 என்று போடுவார். புரோகிராம் நூறால் வகுத்தால் இரண்டாவது ஆளின் 12.8 கிலோ 0.128 கிலோவாகிவிடும். 20க்குக் கீழோ 50க்கு மேலோ வந்தால் மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மறுக்கச் சொல்லவில்லை, கேட்க மட்டும்தான். தண்ணீர் கலந்த பாலும் கடைக்கு வருவதுண்டு.

அறிகுறி: எரர் இல்லை, ஆனால் புது வகைச் சரக்கு சேர்க்க ஏழு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது

சிரட்டையில் உறைந்த கட்டிக்குத் தனி விலை வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். நீங்கள் துண்டு, தினசரி அறிக்கை, பாக்கி, அச்சு என்று ஒவ்வொரு இடமாகப் போய் 'வகை பால் என்றால், ஷீட் என்றால், இல்லாவிட்டால்' என்ற ஏணியில் ஒரு படி சேர்க்கிறீர்கள். ஓர் இடத்தில் மறந்துவிட்டால் சிரட்டைக் கட்டி கடைசி 'எல்ஸ்'ஸில் விழுந்து ஒட்டுப்பால் விலைக்குப் போய்விடும். சத்தமே வராது.

'தொகை' என்ற மெத்தடை ஒவ்வொரு சரக்கும் தானே வைத்திருக்கட்டும். பால் எடையோடு டி.ஆர்.சி.யைப் பெருக்கட்டும். ஷீட் தன் தரத்தைப் பார்க்கட்டும், ஆர்.எஸ்.எஸ். என்ற ஷீட் தரக் குறியீட்டில் 4 க்கும் 5 க்கும் விலை வேறு. துண்டு எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்கட்டும்: உன் தொகை என்ன? பல்லுருவாக்கம் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான். புது வகை வந்தால் புது கிளாஸ் ஒன்று, வேறு எங்கும் கை வைக்க வேண்டாம்.

புது கிளாஸில் 'தொகை' எழுதியும் தாய் கிளாஸின் மெத்தடே ஓடுகிறது என்றால் பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். 'மொத்தத்தொகை' என்றோ 'தொகைகள்' என்றோ இருக்கும். தாயில் 'தொகை'யை 'அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்' என்று குறித்து, தாயை 'ஏபிசி' கிளாஸிலிருந்து பெறச் செய்தால் இந்தத் தவறு ஆப்ஜெக்ட் உருவாக்கும்போதே பிடிபடும்.

அறிகுறி: 'கோதையாறு' என்ற பெயருள்ள கணக்கு பட்டியலில் இருக்கிறது, தேடினால் இல்லை என்று கீ எரர்

தமிழில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கே உரிய கோளாறு இது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. திரையில் இரண்டு கோதையாறும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் 'லென்' (நீளம்) கேளுங்கள். ஒன்று 8 என்று வரும், மற்றது 9 என்று வரும்.

'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். க வோடு ஏகாரக் குறி, அப்புறம் கால் என்று இரண்டாகச் சேர்ப்பது இன்னொரு விதம். எந்த விதம் வரும் என்பது தட்டச்சுப் பலகையைப் பொறுத்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கொ, கௌ வரிசைக்கும் இதே கதைதான்.

மெத்தட் பெயர், கிளாஸ் பெயர் இவற்றைப் பைத்தான் தானாகவே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை அது தொடாது. அது உங்கள் தகவல், உங்கள் பொறுப்பு. 'யூனிகோடுடேட்டா' மாட்யூலில் 'நார்மலைஸ்' இருக்கிறது. அதற்கு 'என்.எஃப்.சி.' என்று கொடுத்தால் ஓகாரத்தை ஒரே குறியாக்கிக் கொடுக்கும். அதைப் பத்து இடத்தில் எழுதாமல், கணக்கு கிளாஸின் 'இனிட்'டில் பெயர் உள்ளே வரும் வாசலில் ஒரு தடவை எழுதுங்கள். தேடும் மெத்தடிலும் ஒரு தடவை. கூடவே 'ஸ்ட்ரிப்' போட்டு முன்பின் இடைவெளியையும் வெட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் இது சரிசெய்யாது: ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக ள வைத் தட்டியிருந்தால் அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: அச்சிட்டால் தொகைக்குப் பதில் ஏதோ முகவரி வருகிறது

'பவுண்ட் மெத்தட்' என்று ஆரம்பித்தால் 'தொகை'க்குப் பின்னால் அடைப்பு போடவில்லை. 'துண்டு ஆப்ஜெக்ட்' என்று வந்தால் அந்த கிளாஸுக்கு 'ஸ்ட்ர்' மெத்தட் எழுதவில்லை. அதையும் எழுதிவிட்டேன், தனியாக அச்சிட்டால் சரி, பட்டியலாக அச்சிட்டால் மறுபடி முகவரி என்றால் 'ரெப்ர்' மெத்தடும் வேண்டும். பட்டியல் அதைத்தான் கூப்பிடும்.

அறிகுறி: கையெழுத்துத் துண்டுக்கும் புரோகிராமுக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம்

ஒரு ரூபாய்தானே என்று விடாதீர்கள். கடையில் நம்பிக்கை போவது இந்த ஒரு ரூபாயில்தான். பைத்தானின் 'ரவுண்ட்' சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண் பக்கம் சாயும். 12.5 ஐக் கொடுத்தால் 12, 13.5 ஐக் கொடுத்தால் 14. மாமா 50 பைசா வந்தால் எப்போதும் மேலேதான் போடுவார். தவிர 'ஃப்ளோட்' எண்ணில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பணத்துக்கு 'டெசிமல்' எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேற்கோளுக்குள் சரமாகக் கொடுத்து உருவாக்குங்கள், 'ஃப்ளோட்'டைக் கொடுத்தால் அந்த வால் அப்படியே கூட வரும். மேல்நோக்கி முழுமையாக்க 'ரவுண்ட் ஹாஃப் அப்' என்ற விதி அதிலேயே இருக்கிறது.

எங்கே முழுமையாக்குவது என்பதும் முக்கியம். 1,200.50 என்று மூன்று உருப்படி. ஒவ்வொன்றையும் 1,201 ஆக்கிக் கூட்டினால் 3,603. கூட்டியபின் முழுமையாக்கினால் 3,602. கடையில் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்படியே செய்யுங்கள். எங்கள் கடையில் மொத்தத்தில்தான். ஆகவே அந்த வேலை துண்டுக்குச் சொந்தம், சரக்குக்கு அல்ல.

அறிகுறி: ஒரே ஆள் இரண்டு கிளாஸில் நிற்கிறார்

மேலவிளைக்காரர் தன் தோட்டத்து ஷீட்டை விற்கிறார். விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் பால் வெட்டவும் போகிறார். 'ஆள்' என்ற தாய் கிளாஸிலிருந்து 'தோட்டக்காரர்', 'வெட்டுத்தொழிலாளி' என்று இரண்டு மகன் கிளாஸ் எழுதியவருக்கு இவரை எங்கே வைப்பது என்று தெரியாது. இரண்டு ஆப்ஜெக்டாக வைத்தால் முன்பணம் ஒன்றிலும் கூலி இன்னொன்றிலும் பிரிந்துபோகும்.

தாய் கிளாஸிலிருந்து மகன் கிளாஸைப் பெறும் இன்ஹெரிட்டன்ஸ் தெரிந்ததும் எல்லாவற்றையும் அதால் கட்டத் தோன்றும். சொல்லிப் பாருங்கள்: 'ஷீட் ஒரு வகைச் சரக்கு' என்பது என்றைக்கும் மாறாத உண்மை, அங்கே இன்ஹெரிட்டன்ஸ் சரி. 'இவர் ஒரு வகைத் தொழிலாளி' என்பது இந்தப் பருவத்தில் இவர் பார்க்கும் வேலை. இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாதங்களில் அதுவும் இருக்காது. ஆகவே 'ஆள்' ஒரே கிளாஸ். அவரிடம் 'விற்பனைக் கணக்கு' ஒன்றும் 'கூலிக் கணக்கு' ஒன்றும் இருக்கும். 1960களில் நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது நடைமுறை உலகத்தைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்குத்தான். ஆப்ஜெக்ட், கிளாஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதனால் கிளாஸ் படம் வரையும் முன்பு ஒரு காலைப்பொழுது கடையில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

அறிகுறி: மூடித் திறந்தால் கணக்கு திரும்ப வரவில்லை

சேமிக்கும்போதே எரர் வந்தால், தகவலைக் கோப்பில் எழுதும் 'ஜேசன்'னுக்கு உங்கள் கிளாஸ் தெரியாது, 'டெசிமல்'லும் தெரியாது. ஒவ்வொரு கிளாஸிலும் தன்னை 'டிக்ட்' ஆக்கிக் கொடுக்கும் ஒரு மெத்தட் எழுதுங்கள். டெசிமலைச் சரமாக்குங்கள். விண்டோஸில் தமிழ் எழுத்துக்கு எரர் வந்தால் கோப்பைத் திறக்கும் வரியில் 'என்கோடிங்' யு.டி.எஃப்.-8 என்று கொடுங்கள், எழுதும்போதும் படிக்கும்போதும்.

படித்த பிறகு 'டிக்ட்'டுக்குத் தொகை என்ற மெத்தட் இல்லை என்று வந்தால், கோப்பிலிருந்து வந்ததை நீங்கள் இன்னும் சரக்காக்கவில்லை. சேமிக்கும்போதே 'வகை' என்று ஒரு புலம் வைத்து, படிக்கும்போது அந்த வகைக்குரிய கிளாஸைக் கூப்பிட்டு ஆப்ஜெக்ட் உருவாக்குங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, சேமிக்கும் முன் எல்லாக் கணக்கின் மொத்தத்தையும் குறித்துவைத்து, திறந்தபின் ஒப்பிடுங்கள்.

கோப்பு பாதியில் வெட்டுப்பட்டு நின்றால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. ஜூன் மழையில் எங்கள் பக்கம் இது சாதாரணம். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல் பக்கத்தில் வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்துவிட்டு, அப்புறம் 'ஓஎஸ்' மாட்யூலின் 'ரீப்ளேஸ்' கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் முந்தைய சேமிப்பு முழுதாக இருக்கும்.